சென்னையில் அறைகலன் தச்சுப் பயிற்சி: ஆர்வலர்களுக்கான வழிகள்

அறைகலன் தச்சு என்பது மேசை, அலமாரி, இழுப்பறைப் பெட்டி, ஊஞ்சல் போன்ற வீட்டுப் பொருள்களை மரத்தில் மூட்டுப் போட்டுச் செய்யும் தொழில். நிலை, கதவு, உத்திரம் செய்யும் கட்டடத் தச்சுக்கு இது நெருங்கிய உறவுதான். ஆனால் துல்லியம் இதில் கூடுதல். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் ‘நூல்’ என்பார்கள். கதவில் ஒரு நூல் இடைவெளி கண்ணை உறுத்தாது. இழுப்பறையில் அரை நூல் பிசகினால் பெட்டி சிக்கிக்கொள்ளும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் இதைப் பிழைப்புக்காக இல்லாமல் விருப்பத்துக்காகக் கற்க நினைப்பவர்கள் உண்டு. நகரில் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் இங்குள்ள பயிற்சி ஏற்பாடுகளில் பெரும்பாலானவை பிறப்பையோ வேலைச் சான்றிதழையோ வாசலாக வைத்துக் கட்டப்பட்டவை. ஆர்வலர் இடறும் இடம் அதுதான்.

வரலாறு

தச்சு நெடுங்காலம் கைவினைக் குலமான கம்மாளர் குடும்பங்களுக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற கல்வி. குடும்பத்துக்கு வெளியே அதைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையில் எழுந்த பழைய நிறுவனம், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி. மரவேலை, உலோகவேலை போன்ற கைத்தொழில்களுக்கு அங்கே இடம் இருந்தது. பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியாக அது இன்றும் இயங்குகிறது. ஆனால் இப்போது அங்கே முதன்மை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும்தான். 1916இல் தொடங்கிய சென்னைத் தொழிற்பள்ளிதான் பின்னாளில் தரமணியின் மத்திய பாலிடெக்னிக் ஆனது.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, எல்லாப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழிலின் வழியே கற்க வேண்டும் என்றது. 1953இல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. தச்சர் மகன் தச்சனாகவே நிற்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. திட்டத்தைக் கைவிட்டது சரியான முடிவு. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையும் உளி பிடிக்கலாம் என்ற ஆதாரக் கல்வியின் எண்ணமும் அதன்பின் பள்ளிகளில் வேர்பிடிக்கவில்லை. அந்த இழப்பு பெரிது.

இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 2023இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் தச்சர் உட்பட 18 வகைக் கைவினைஞருக்குப் பயிற்சியும் கடனும் தருகிறது. குடும்ப வழித் தொழில் என்பது அதன் அடிப்படை. தமிழக அரசு அதை ஏற்காமல், குல வேறுபாடு பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டுமே தொழில் செய்பவருக்கானவை. அலுவலகம் முடிந்து வந்து மரம் இழைக்க விரும்புகிறவருக்கு இரண்டிலும் இடமில்லை.

இன்றுள்ள வழிகள்

ஐடிஐகளில் ‘கார்ப்பெண்டர்’ பிரிவு ஓராண்டு, முழுநேரம். வேலைக்குப் போகிறவரால் முடியாது. பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டுப் பணிமனை வகுப்பு இன்னொரு வழி. ஆயிரக்கணக்கான சென்னைவாசிகள் அங்கே ஒரு ‘டீ’ மூட்டு வெட்டியிருப்பார்கள், மதிப்பெண் வாங்கியிருப்பார்கள், அதோடு விட்டிருப்பார்கள். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் மரச் சிற்பம் உண்டு. அது பட்டப்படிப்பு, அலமாரி செய்யக் கற்பதற்கு ஏற்றதல்ல. பெங்களூரு மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயர்நிலை மரவேலைப் பயிற்சி மையம் இயந்திர மரவேலைக்குப் பெயர்பெற்றது. விடுப்பு எடுத்துப் போக முடிந்தவர்கள் விசாரிக்கலாம்.

வார இறுதித் தனியார் பட்டறைகளில் தரம் ஏறவும் இறங்கவும் இருக்கும். அளவாக அறுத்து வைத்த பலகையைத் தந்து, திருகாணி முடுக்கி, மாலைக்குள் ஒரு தட்டோடு அனுப்பிவைப்பது பயிற்சி ஆகாது.

மிச்சமிருப்பது பழைய வழி: ஓர் ஆசாரியிடம் சனி ஞாயிறுகளில் போய் உட்காருவது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1959இல் ஃபெவிகால் பசை வந்தது. பிறகு பிளைவுட்டும் மைக்காவும் வீடுகளை நிரப்ப, மூட்டு வெட்டும் தேவை குறைந்தது. அடுக்குமாடி உள்வேலை செய்யும் பலரும் இன்று வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வேகமும் நேர்த்தியும் உள்ளவர்கள்தான். ஆனால் கழுந்தும் பொளியும் (மூட்டின் முளையும் அது பொருந்தும் துளையும்) வெட்டத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கதவு, ஊஞ்சல், பூஜை மண்டபம் செய்யும் இடங்களில் கேளுங்கள். கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் கற்றுத்தரும் நாள் அவருக்கு வேலை இழந்த நாள்.

நல்ல பயிற்சியின் அடையாளம்

முதல் பாடம் தீட்டுதலாக இருக்க வேண்டும். உளியின் சரிவு முழுவதும் கல்லில் படிய வைத்து, கோணம் ஆடாமல் முன்னும் பின்னும் இழுத்தால், சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் எழும்பும். விரல் நுனிக்கு அது தட்டுப்படும். திருப்பிப் போட்டு முதுகைத் தட்டையாகத் தேய்த்தால் பிசிர் உதிரும். அந்த உளி தேக்கின் குறுக்கு வெட்டில் நொறுக்காமல் சீவ வேண்டும். கூர் மங்கிய உளியோடு கொட்டாப்புளியைக் கையில் கொடுக்கும் இடத்தில் கற்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, மரம் அசையும் என்ற அறிவு. பச்சை மரம் முழுக்க உலரும்போது, தேக்கு வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5 சதவீதமும் மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் பாதியும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். உலர்ந்த பிறகும் ஐப்பசி மழைக்கு உப்பி, சித்திரை வெயிலுக்கு ஒடுங்கும். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் பசை இல்லாமல் மிதக்கவிடுவது இதற்காகத்தான். இதைச் சொல்லாத ஆசிரியரிடம் பயின்றவரின் மேசை ஒரு மழைக்காலத்தில் வெடிக்கும்.

பயிற்சிக்கு மரம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிப் பழைய வீடு இடிபடும்போது கழித்துப் போடும் நிலையும் சட்டமும் பெரும்பாலும் நன்கு பதமான தேக்கு. இழைக்கும் முன் ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஒரு முன்னுதாரணம்

ஜார்ஜ் நகாஷிமா அமெரிக்காவில் படித்த கட்டடக் கலைஞர். 1937 முதல் 1939 வரை புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்தார். அதற்கான அறைகலன்களையும் அங்கேதான் வடிவமைத்தார். 1942இல் ஜப்பானிய வம்சத்தார் என்பதற்காகக் குடும்பத்தோடு அமெரிக்காவின் மினிடோகா தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே இருந்த ஹிகோகாவா என்ற தேர்ந்த தச்சரிடம் ஜப்பானியக் கைக்கருவிகளையும் மூட்டுகளையும் கற்றார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய மரக் கலைஞர்களில் ஒருவருக்குக் கிடைத்த முக்கியப் பயிற்சி, ஓர் ஆசான் பக்கத்தில் நின்று வேலை செய்ததுதான்.

சென்னையில் அப்படி நிற்க ஓர் இடம் வேண்டும். ஐடிஐகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் தச்சுப் பட்டறைகள், பலகைகள், பிடிப்பான்கள் ஏற்கெனவே உள்ளன. சனிக்கிழமைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள். கழுந்து வெட்டத் தெரிந்த மூத்த ஆசாரிகளை அங்கே ஆசிரியர்களாக அமர்த்துங்கள்.