டூருக்குக் கிளம்புறீங்களா? டூத்பிரஷ்ஷையும் கொஞ்சம் கவனிங்க!

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். சார்ஜர், தலைவலி மாத்திரை, புளியோதரைப் பொட்டலம்னு எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்து வெச்சிருப்பீங்க. விடிஞ்சு ரயில் கோவில்பட்டியைத் தாண்டும்போதுதான், 'ஐயையோ, பிரஷ்!' என்று ஞாபகம் வரும். இறங்கியதும் கண்ணில்பட்ட கடையில் கிடைத்த பிரஷ்ஷை வாங்குவோம். இரண்டு நாள் தேய்த்ததும் ஈறு எரியும். கல்யாண வீட்டில் ஐஸ்க்ரீமை வாயில் வைத்தால் பல் கூசும்.

நாலு நாள்தானே என்று அலட்சியமாக இருக்காதீங்க. வெளியூரில்தான் இனிப்பும் நொறுக்குத்தீனியும் அதிகம் உள்ளே போகும். பல்வலி வந்தால் தெரிந்த டாக்டரும் பக்கத்தில் இருக்க மாட்டார். பயணத்துக்கான பிரஷ்ஷை எப்படித் தேர்ந்தெடுப்பது? பார்ப்போம்.

இழைதான் முக்கியம்

பிரஷ்ஷின் நிறம், வடிவத்தைவிட அதன் இழைகளைத்தான் முதலில் பார்க்கணும். அட்டையில் 'சாஃப்ட்' என்று போட்டிருப்பதை வாங்குங்க. முரட்டு இழைகளால் அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும், பல்லின் கழுத்துப் பகுதி தேயும்; அதனால்தான் பல் கூச்சம் வருகிறது. தலைப்பகுதி சிறியதாக இருந்தால் கடைவாய்ப் பல் வரை எளிதாக எட்டும். தங்கும் விடுதிகளில் தரும் பிரஷ்ஷை விரலால் தடவிப் பாருங்க. குத்தினால் வேண்டாம்.

மடக்கு பிரஷ் வாங்கலாமா?

பையில் இடத்தை அடைக்காது என்பது இதன் ப்ளஸ். ஆனால், கைப்பிடி குட்டையாக இருந்தால் பிடி சரியாகக் கிடைக்காது. மடக்கும் இடத்தில் பேஸ்ட்டும் ஈரமும் தங்கும் என்பதால், அந்த இடுக்கையும் கழுவணும். ஒன்றிரண்டு நாள் பயணத்துக்கு ஓகே. ஒரு வாரம் என்றால், வீட்டில் பயன்படுத்தும் அளவிலேயே ஒரு பிரஷ் எடுத்துக்கிறதுதான் வசதி.

மூங்கில் பிரஷ் பிடிக்கும் என்றால், அதை ஈரத்தோடு மூடி வைக்காதீங்க. பூஞ்சை பிடிக்கும்.

எலெக்ட்ரிக் பிரஷ் இருக்கா?

சில நாள் பயணம்தான் என்றால், முழுசா சார்ஜ் போட்டுட்டுக் கிளம்பினாலே பல மாடல்களுக்குப் போதும். வெளிநாடு போகிறவர்கள் சார்ஜரில் '100-240 வோல்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்க. லித்தியம் பேட்டரி உள்ள பிரஷ்ஷை விமானத்தில் கைப்பையில் வைப்பதே நல்லது. பைக்குள் தானாக ஆன் ஆகிவிடாமலும் பார்த்துக்கோங்க.

மூடி போடலாமா?

பிரஷ்ஷை அப்படியே பைக்குள் போட்டால் அழுக்கு ஒட்டும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரத்தோடு வைத்தால் கிருமிகள் பெருகும். அதனால், காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் உள்ள மூடியாக வாங்குங்க. தேய்த்ததும் நன்றாக அலசி, உதறி, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகு மூடுங்க. அறைக்குப் போனதும் முதல் வேலையாக மூடியைக் கழற்றி, ஒரு டம்ளரில் நிமிர்த்தி வெச்சிடுங்க. டாய்லெட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

குடும்பமா போறீங்களா?

ஆளுக்கு ஒரு நிறம். 'என் பிரஷ்ஷை மறந்துட்டேன், உன்னோடதைக் குடு' என்று கேட்டால், கணவன் மனைவியாக இருந்தாலும் கொடுக்காதீங்க. ஈறில் ரத்தம் கசிபவர்களின் பிரஷ் வழியாக ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்றுகள் பரவ வாய்ப்புண்டு. எல்லார் பிரஷ்ஷையும் ஒரே கவரில் போட்டுக் கட்டுவதும் தப்பு. உங்கள் குழந்தைக்கு 3 வயதுக்குள் என்றால் அரிசி அளவு, 3 முதல் 6 வயது என்றால் பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

ரயிலில்... விமானத்தில்...

ரயில் வாஷ்பேசினில் வருவது குடிநீர் அல்ல. வாய் கொப்பளிக்கவும், பிரஷ்ஷை அலசவும் பாட்டில் தண்ணீரைப் பயன்படுத்துங்க. வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் பேஸ்ட் ட்யூப் 100 மி.லி-க்கு மேல் இருக்கக் கூடாது.

ராத்திரியை விட்டுடாதீங்க

பயணத்தில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது ராத்திரி பல் தேய்ப்பதைத்தான். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். பல்லில் ஒட்டியிருக்கும் அல்வாவுக்கும் சிப்ஸுக்கும் கிருமிகளுக்கும் அது கொண்டாட்டம். எவ்வளவு அசதியாக இருந்தாலும் 2 நிமிஷம் ஒதுக்குங்க. பேருந்தில் அதுக்கு வழியில்லையா? சாப்பிட்டதும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிச்சிட்டு, இறங்கியதும் தேய்ச்சிடுங்க.

ஒரு ஈஸியான வழி: 3 மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் புது பிரஷ் வாங்கும்போது கூடவே இன்னொன்றும் வாங்கி, பிரிக்காமல் பயணப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் வெச்சிடுங்க. அடுத்த முறை கோவில்பட்டி தாண்டும்போது நிம்மதியா இருக்கலாம்!