நிறுத்தப்பட்ட சூரிய மின்சாரம்: கட்டமைப்பின் வரம்பா, விலையின் வரம்பா?

தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன ஆணைகளை, மின்கட்டமைப்பின் தாங்குதிறனுக்குச் சான்றாகக் கொள்வது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. எத்தனை மணி நேரம் குறைக்கச் சொன்னார்கள் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் கட்டமைப்பு தாங்காது என்று முடிவு கட்டுகிறார்கள். இக்கட்டுரை அந்த வாசிப்பை மறுக்கிறது. குறைப்பு ஆணை என்பது ஒரு நிர்வாக முடிவு. அதன் காரணம் தனியே நிறுவப்பட வேண்டும். 2017இன் குறைப்புகளைப் பொறுத்தவரை, அந்தக் காரணம் பெரும்பாலும் விலைதான் என்பது என் முடிவு.

இதற்கு முதன்மைச் சான்று, மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2 அன்று அளித்த தீர்ப்பும் அதற்கு அடிப்படையான, நாட்டின் மின்தொகுப்பை அன்று இயக்கிய போசோகோ நிறுவனத்தின் பகுப்பாய்வும். பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட காலம் 2017 மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை. மின்கட்டமைப்பின் கணக்கு 15 நிமிடக் கட்டங்களாக வைக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 96 கட்டங்கள். அந்த 122 நாள்களில் மொத்தம் 11,712 கட்டங்கள். இழப்பீட்டுக்கு உரியவை எனத் தீர்ப்பாயம் ஏற்றவை 1,080. அதாவது 270 மணி நேரம். அக்கட்டங்களில் இழந்த உற்பத்திக்கு, ஒப்பந்த விலையில் 75 விழுக்காட்டை 9 விழுக்காடு வட்டியுடன் தமிழ்நாட்டு மின்வாரியமான டான்ஜெட்கோ வழங்க வேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிட்டது.

இத்தீர்ப்பைப் பேசியவர்கள் பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகையோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளருக்கு அதைவிட முக்கியமானது, எந்தச் சூழலில் ஒரு குறைப்பைக் கட்டமைப்புப் பாதுகாப்புக்கானது என்று சொல்ல இயலாது என்பதற்குத் தீர்ப்பாயம் வகுத்த ஐந்து நிலைகள். அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது முதலாவது. மின்னழுத்தம் வரையறைக்குள், எடுத்துக்காட்டாக 400 கிலோவோல்ட் அமைப்பில் 380 முதல் 420 வரை, இருப்பது இரண்டாவது. மின்தடங்களில் மிகைச்சுமையோ தடையோ இல்லாதிருப்பது மூன்றாவது. அனல்மின் நிலையம் போன்ற வழக்கமான நிலையங்களில் உற்பத்தியைக் குறைக்க இன்னும் இடமிருப்பது நான்காவது. மாநிலம் தன் அளவை மீறித் தொகுப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டோ, மின்சந்தையில் குறுகியகாலக் கொள்முதல் செய்துகொண்டோ இருக்கையில் உள்ளூர் உற்பத்தியைக் குறைப்பது ஐந்தாவது.

முதல் நான்கும் கட்டமைப்பின் உடல்நிலையைக் கேட்கின்றன. ஐந்தாவது மட்டுமே நோக்கத்தைக் கேட்கிறது. மின்சாரம் மிகுந்துவிட்டது, தாங்காது என்று ஒரு நிலையத்தை நிறுத்தச் சொல்லும் அதே கால்மணி நேரத்தில், வெளியிலிருந்து மின்சாரம் வாங்கப்படுகிறது என்றால், அங்கே மிகுதி என்பதே இல்லை. ஒரு மின்சாரத்தை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொறியியல் காரணம் சொல்லி இதை விளக்க முடியாது.

ஏன் அந்தத் தேர்வு? 2014 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு வைத்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். 2017 மே மாதம், நாம் பேசும் அதே காலத்தில், ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. பழைய விலையில் செய்த ஒப்பந்தம் மின்வாரியத்துக்குச் சுமையாகிவிட்டது. ஒப்பந்தத்தை முறிக்க வழியில்லை. கட்டுப்பாட்டு மையத்திலிருந்து உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல மட்டும் வழி இருந்தது.

முந்தைய ஆய்வுகள் ஏன் வேறு திசையில் சென்றன என்பதும் விளங்கக்கூடியதே. 2012, 2013ஆம் ஆண்டுகளில் நெல்லை, குமரி மாவட்டக் காற்றாலைகள் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்ததற்கு மின்தடப் பற்றாக்குறை உண்மையான காரணமாக இருந்தது. தென்மண்டலத் தொகுப்பும் அப்போது தனித்து நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாக அது தேசியத் தொகுப்போடு இணைந்தபின் நிலைமை மாறிவிட்டது. அதிர்வெண் நாடு முழுமைக்கும் ஒன்றாயிற்று. காற்றாலைக் காலத்து விளக்கத்தைப் புதிய சூழலுக்கும் அப்படியே பொருத்தியதுதான் பிழை.

மறுப்புகள் சில உண்டு. காற்றும் வெயிலும் சேர்ந்து வரும் பருவத்தில் அனல்மின் நிலையங்களை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பது அவற்றுள் வலுவானது. மே, ஜூன் மாதங்களுக்கு இது பொருந்தலாம். காற்று தொடங்காத, கோடைத் தேவை ஏறும் மார்ச், ஏப்ரலுக்குப் பொருந்தாது. தீர்ப்பாயம் பொறியாளர் வேலையில் தலையிட்டது என்ற குறையை நீண்டு பேசத் தேவையில்லை: பகுப்பாய்வைச் செய்தது நாட்டின் மின்தொகுப்பை அன்றாடம் இயக்கிய நிறுவனமே. மின்வாரியத்தின் கடன்சுமை மெய்தான். அது மானியத்தையும் கட்டணத்தையும் சீர்செய்வதற்கான காரணமேயன்றி, கட்டமைப்புப் பாதுகாப்பு ஆகாது. ஆயினும் நான்கு மாதப் பகுப்பாய்வை எல்லா ஆண்டுகளுக்கும் எல்லா மாநிலங்களுக்கும் நீட்டுவது முறையன்று. ஒவ்வொரு காலத்துக்கும் அதே ஐந்து கேள்விகளைப் புதிதாகக் கேட்க வேண்டும்.

2021 அக்டோபரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகள், சூரிய, காற்று மின்சாரத்தை வணிகக் காரணத்துக்காகக் குறைக்கக் கூடாது என்றன. குறைத்தால் ஒப்பந்த விலையில் இழப்பீடு என்றன. வாங்கப்படாத மின்சாரத்தை மின்சந்தையில் விற்கவும் வழி செய்தன. நோயை அவை சரியாகவே அறிந்திருக்கின்றன. வாரியம் வேண்டாம் என்ற மின்சாரத்துக்கு வேறொருவர் விலை கொடுக்கும் இடம்தான் சந்தை. மரபுசாரா மின்சாரத்தைச் சந்தையோடு இணைக்கத் திட்டமிடுவோர் மின்கலங்களுக்கும் வானிலைக் கணிப்புக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது, பழைய ஒப்பந்தங்களின் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்குத் தர வேண்டும்.

ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. காரணம் பதிவாகாத குறைப்பு நேரத்தைக் கட்டமைப்பின் வரம்பு என்று அட்டவணையில் ஏற்றாதீர்கள். மாநிலக் கட்டுப்பாட்டு மையமும் ஒவ்வொரு 15 நிமிடக் கட்டத்துக்கும் குறைப்பின் அளவையும் காரணத்தையும் பொதுவில் வெளியிட வேண்டும். அதுவரை அந்த எண்கள் மின்கட்டமைப்பைப் பற்றிய சான்றாகா.