உணரியியல் ஆய்வுப் பயிற்சி, இளநிலை

பௌதிக, இரசாயன மாறுதல்களை அளவிடத்தக்க மின்குறிகளாக மாற்றும் உணரிகளை வடிவமைத்தல், அளவுதிருத்தல், பிழையாய்தல் ஆகியவற்றை இளநிலைப் பொறியியல் மாணவர் விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் பயிலும் கல்விமுறை.

வகை: இவ்வுணரிகளுள் மின்வேதி உணரிகள், அளக்கப்படுவது மின்னழுத்தமோ மின்னோட்டமோ மின்கடத்துதிறனோ என்பதைப் பொறுத்து மூவகைப்படும். முதல் வகையினதாகிய கண்ணாடி மின்முனை, 25° செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறுதல் காட்டும். இரத்தச் சர்க்கரைமானிகள் பல இரண்டாம் வகையின. நீரில் கரைந்த உப்பின் அளவை மதிப்பிடும் கருவி மூன்றாம் வகையினது.

வரலாறு: தமிழ்நாட்டின் கண்டனூர் வட்டாரத்தில் மின்வேதி உணரியியலுக்கு நிலைக்களமாவது காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கண்டனூரையடுத்த கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நன்கொடையாக வழங்க, 1948 ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேருவால் அடிக்கல் நாட்டப்பெற்ற இந்நிலையம், 1953 ஜனவரி 14-இல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்டது.

சிறப்பு: 1988 முதல் இங்கு வேதி, மின்வேதிப் பொறியியலில் இளநிலைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு நடைபெறுவதால், மின்முனைவினைகளின் தத்துவத்தைக் கற்கும் மாணவர், அவற்றை ஆராயும் விஞ்ஞானிகளிடமே பாடம் கேட்கும் வாய்ப்பையும் பெறுகின்றனர். இப்படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைவுபெற்றது.