குடிவழி ஆராய்ச்சியும் சான்றுகளின் தரமும்

ஒரு குடும்பத்தார் தம் முன்னோர் பெயரைத் தலைமுறை முறையே எழுதிவைத்தல் பெருமையின் பொருட்டு மட்டும் அன்று. இன்ன வீட்டார் நமக்குப் பங்காளிகளா, கொண்டு கொடுக்கும் முறையினரா என்னும் வினாவிற்கு விடை அதிலேயே உள்ளது. குலதெய்வக் கோயிற் பங்கும், பொதுச் சொத்தின் உரிமையும் அதனையே பற்றி நிற்பன. ஆதலின் வம்சாவளியில் ஒரு பெயர் பிழைபடின் அப்பிழை ஏட்டோடு நில்லாது. மணப்பந்தர் வரையில் வந்து சேரும்.

நம்மவர் பலர் குடிவழி எழுதத் தொடங்கியிருத்தல் மகிழத்தக்கது. ஆயினும் பெரும்பாலோர் பாட்டனார்க்குப் பாட்டனார் அளவில் வழியடைபட்டு நின்றுவிடுகின்றனர். வேறு சிலர் அவ்விடத்தில் ஓர் அரசர் பெயரையோ படைத்தலைவர் பெயரையோ வைத்து இடைவெளியை மூடிவிடுகின்றனர். இரண்டும் வேண்டா. மேற்செல்ல வழிகள் உண்டு. அவற்றைக் கூறுமுன் கைக்கெட்டும் சான்றுகளின் தன்மையைச் சிறிது ஆராய்வாம்.

எச்சான்றாயினும் எழுதியவர் யார், எக்காலத்து எழுதினார், எப்பயன் கருதி எழுதினார் என்னும் மூன்றும் வினவத்தக்கன. கி.பி. 1800-ஐ ஒட்டிக் காலின் மெக்கன்சி துரை திரட்டிய கைபீதுகள் பல, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. ஊர்ப் பெரியோர் அந்நாளிற் சொல்லியவற்றை அவருடைய உதவியாளர் எழுதிக்கொண்டவை அவை. அக்காலத்தார் தம் முன்னோரைப் பற்றி யாது நம்பினர் என்பதற்கு அவை நல்ல சான்று. சோழர் காலத்து நிகழ்ச்சிக்கு அவற்றை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது.

1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசைப்படி அடுக்குமாறு ரிஸ்லி என்பார் பணித்தார். அதனையொட்டி விண்ணப்பங்களும் குலவரலாறுகளும் பல சாதியாராலும் எழுதப்பட்டன. உயர்ந்த இடம் பெறுதற்கு எழுதிய நூலில் உயர்ந்த முன்னோர் தோன்றுதல் வியப்பன்று. நம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள அக்காலத்து நூல்களையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

செப்புப் பட்டயம் என்ற அளவில் ஐயம் நீங்கிவிடாது. சாசன அறிஞர் பிளீட் 1901-இல் போலிப் பட்டயங்களைத் தொகுத்து ஒரு கட்டுரையே வெளியிட்டார். எழுத்தின் வடிவம் பட்டயம் கூறும் காலத்திற்கு ஏற்றதா, தேதியும் கிழமையும் இசைகின்றனவா என்று நோக்கியே கொள்ளல் வேண்டும். கல்வெட்டிலும் பெயரொற்றுமை உறவாகாது. மூவேந்தவேளான் என்பது சோழ வேந்தர் தம் அதிகாரிகட்கு அளித்த பட்டம்; அதனை ஒரு குடியின் பெயராகக் கொள்வது பிழை.

ஏடுகளின் காலத்தைத் துணிதல் மற்றொரு தடை. ‘விரோதி வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருப்பின் அது 1770, 1830, 1890 என்னும் எவ்வாண்டின் தையும் ஆகலாம். கிழமையும் குறித்திருப்பின் ஐயம் தீரும். சௌரமான ஆண்டு 365 நாளும் ஏறக்குறைய 15½ நாழிகையும் உடையது. ஆதலின் அறுபதாண்டு கழித்து அதே மாதத்து அதே தேதி ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளியே வரும். அம்மூன்றனுள் இரண்டு ஒருங்கே பொருந்தா. கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள காலத்திற்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணித்து வெளியிட்ட பஞ்சாங்கத் தொகுதிகள் இதற்குப் பெருந்துணையாவன.

பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. இவ்வழக்கத்தால் ஒரு கேடும் உண்டு. ‘முத்தையன் மகன் சொக்கலிங்கம், அவன் மகன் முத்தையன்’ என்றிருக்கும் ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் கண், முதல் முத்தையனிலிருந்து அடுத்த முத்தையனுக்குத் தாவின் இரண்டு தலைமுறை மறைந்துபோம். தலைமுறை ஒன்றுக்கு 25 முதல் 30 ஆண்டு எனக் கணக்கிடுக. 300 ஆண்டிற்கு ஐந்து பெயரே இருப்பின் பாதி தொலைந்தன என்று அறிக.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வேதவாக்காகக் கொள்வாரும் உளர். எம்போல் ஆசிரியத் தொழில் புரிவோர் அதன் இயல்பை அறிவர். வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிற்று எனக் கொண்டு, அதற்கேற்ப ஒரு பிறந்த தேதியை எழுதிய காலம் உண்டு. தந்தை பெயருக்கு அப்பதிவேடு தக்க சான்று. பிறந்த நாளுக்கு அன்று.

இனி, அடைபட்ட இடத்தைக் கடக்கும் வழி யாது? நேர்மேலே ஏற இயலாதபோது பக்கவாட்டிற் செல்லுக. பழைய மூலப்பத்திரத்தை எடுத்து நான்கெல்லையைப் படியுங்கள். பாகம் பிரிந்த பங்காளிகளின் நிலம் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும். சாட்சிக் கையெழுத்திலும் உறவினர் வருவர். இனாம் நிலம் உடையோர் 1858 முதல் நடந்த இனாம் விசாரணையின் பதிவேட்டைத் தேடுக. நிலத்தை முதலிற் பெற்றவர், விசாரணைக் காலத்தில் அனுபவித்தவர், அவ்விருவர்க்கும் உள்ள உறவு என்பன அதிற் காணப்படும். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிக் குறிப்பேட்டில் ஊரைவிட்டுப் போனவர் பெயரும் கிடைக்கும்.

நம் வம்சாவளிகளில் பெண்மக்கள் பெயர் அரிது. ஆயினும் தந்தை வழியில் அறுந்த கயிறு தாய் வழியில் அகப்படுதல் உண்டு. பாட்டியார் பிறந்த ஊருக்குச் சென்று, அவ்வீட்டாரின் சீதனப் பத்திரங்களையும் முதியோர் வாய்மொழியையும் விசாரித்தல் வேண்டும்.

‘கடல் கடந்து போனார், செய்தி இல்லை’ என்று கைவிடப்பட்ட கிளைகளும் உள. சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அக்கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியன எழுதப்பெற்றுள்ளன. ஆங்கில எழுத்தர் செவியிற் பட்டவாறு எழுதியமையால் பெயர்களை உரக்கப் படித்து, ஓசையால் உணர்தல் வேண்டும்.

இவ்வளவும் முயன்ற பின்னரும் சில இடங்கள் வெறுமையாகவே நிற்கும். அவற்றை வெறுமையாகவே விடுக. ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘கருதியது’ என்னும் மூன்றனுள் ஒன்றைக் குறித்துவைப்பின் பின்வருவோர் எதனை நம்பலாம், எதனைத் தேடவேண்டும் என்று தாமே அறிவர். அரசர் ஒருவரை இரவல் வாங்கி வைத்த இடத்தில், கலப்பை பிடித்தோ கடை நடத்தியோ நம்மை வளர்த்த உண்மைப் பாட்டனார் ஒருவர் பெயரின்றிப் போகின்றார். அவருக்கு நாம் செய்யத்தக்க கடன் அவர் பெயரைத் தேடுதலேயாம்.