தோமையார் கால்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தை அடுத்துத் தவளக்குப்பம் இருக்கிறது. வேட்டியைத் தரை தொடத் தாழ்த்திக் கட்டி, வீங்கிய காலை மறைத்தபடி கோயிலின் கடைசி வரிசையில் நின்ற பெரியவர்களை இப்பகுதியின் மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். யானைக்கால் நோய் புதுச்சேரிக்கு நெடுங்காலமாக அழையா விருந்தாளி.

அந்நோய்க்கு ஒரு காலத்தில் நம் திருத்தூதரின் பெயரே இடப்பட்டிருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1583-இல் கோவாவுக்கு வந்து, அங்குப் பேராயரின் செயலாளராகப் பணியாற்றியவர் லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர். 1596-இல் வெளிவந்த தம் பயண நூலில், புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழிமரபினர் யானையின் காலைப் போன்று தடித்த காலுடன் பிறக்கின்றனர் என்று சொல்லப்பட்டதை அவர் எழுதி வைத்தார். போர்த்துக்கீசியரிடையே அந்த வீக்கம் 'தோமையார் கால்' எனப்பட்டது.

நோயுற்றவரின் வேதனை போதாதென்று, கொலைப்பழியும் அவர் மேல் சுமத்தப்பட்டது. அதுவும் கிறிஸ்தவர்களின் நாவினாலேயே! பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று கேட்டதையும், இருவருமல்லர் என ஆண்டவர் மறுத்ததையும் யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாசித்தும் அந்தச் சீடர்களின் கேள்வியையே நாம் தொடர்ந்து கேட்டு வந்திருக்கிறோம்.

உண்மைக் காரணம் வெளிப்பட மூன்று நூற்றாண்டுகளாயின. 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்னும் மருத்துவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனாவின் அமோய் நகரில் மான்சன் என்பவர், அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். குற்றவாளி முன்னோரின் பாவமன்று; சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே.

அக்கொசுவை எதிர்ப்பதில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கான ஆராய்ச்சி மையத்தைப் புதுச்சேரியில் நிறுவியது. 1981 முதல் 1985 வரை அம்மையம் இந்நகரிலேயே கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை நடத்திக் காட்டியது. 2004 முதல் நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்கும் பணியும் தொடங்கிற்று.

ஆயினும் மாத்திரை நோய் பரவுவதைத் தடுக்குமேயன்றி, முற்றிய வீக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. புழுவால் நிணநீர்க் குழாய்கள் பழுதுபட்ட காலில் நீர் தேங்குகிறது, விரலிடுக்கு வெடிக்கிறது, அவ்வழியே கிருமி புகுந்து காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் காலை மேலும் தடிக்கச் செய்கிறது. இந்தச் சங்கிலியை அறுக்கும் கருவி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு: தண்ணீரும் சோப்பும்.

நாள்தோறும் காலைத் தேய்க்காமல் மென்மையாகக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரம் நில்லாதபடி துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மருத்துவர் தந்த களிம்பைத் தடவ வேண்டும். உட்காரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்து வருவது நன்று. இறுக்காத செருப்பு அவசியம். காய்ச்சலும் சிவப்பும் கண்டால் அசைவுப் பயிற்சியை நிறுத்தி ஓய்வெடுத்து, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண்ணில் சாம்பலோ பச்சிலையோ அப்புவது கேடு. ஆறாத புண்ணுக்குச் சர்க்கரை நோயோ நரம்புச் சுருட்டலோ காரணமாகலாம். அதனை மருத்துவரே கண்டுரைக்க வேண்டும்.

வீங்கிய காலை உடையவர் குனிந்து தம் பாதத்தை எட்டுவது அரிது. பிறர் கை வேண்டும். பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்கள் கழுவப்படுவதைக் கண்டு நாம் உருகுகிறோம். அன்று கழுவப்படுபவை பெரும்பாலும் முன்பே தூய்மையாக்கப்பட்ட பாதங்கள். நம் வீட்டுத் திண்ணையிலோ அண்டை வீட்டிலோ, நாற்றத்துக்கு நாணி ஒதுங்கியிருக்கும் ஒரு பாதம் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது.

தோமையாரின் பெயரால் நம்மவர் சுமத்திய பழிக்கு நாம் செய்யத்தக்க கழுவாய், ஒரு செம்புத் தண்ணீரோடு அங்கே போய் அமர்வதே.