பிரேக் டான்ஸ்: ஒரு சொல்லும் அது மறைத்தவர்களும்

தமிழில் 'பிரேக் டான்ஸ்' என்னும் சொல், பிறந்த இடத்தில் தனக்கு இல்லாத பொருளைச் சுமந்து நிற்கிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் உருவான அவ்வாட்டத்தின் உயிர்ப்பகுதி தரையில் நிகழ்வது: கையூன்றிச் சுழல்வது, முதுகால் உருள்வது. நாம் அச்சொல்லால் குறிப்பதோ மூட்டுகளை வெட்டி அசைப்பதையும் வழுக்கிப் பின்னகர்வதையும். இவை பெரும்பாலும் கலிபோர்னியத் தெருக்களில் வளர்ந்த வேறொரு மரபைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே பெயருக்குள் வந்தமைக்கு, மைக்கேல் ஜாக்சன் என்னும் ஒற்றை உருவத்தின் வழியாகவே பலரும் இவற்றை அறிந்தது முக்கியக் காரணம்.

1983 மே 16 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் ஆடிக் காட்டிய 'மூன்வாக்' அவர் கண்டுபிடித்ததன்று. பில் பெய்லி என்னும் கறுப்பினக் கலைஞர் 1943இலேயே 'கேபின் இன் த ஸ்கை' திரைப்படத்தில் அவ்வாறு பின்வழுக்கிச் சென்றிருக்கிறார். அது கறுப்பின இளைஞர்களின் தெருவாட்டத்திலிருந்து வந்தது என்பதை ஜாக்சனும் மறைக்கவில்லை. மறைத்தது புகழ்.

பிரபுதேவாவை 'இந்தியாவின் மைக்கேல் ஜாக்சன்' என்று அழைக்கும் வழக்கம் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜாக்சன் தமக்குத் தூண்டுகோல் என்று அவரே கூறியிருக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தூண்டுதலை ஏற்ற உடல் வெற்றுடல் அன்று. தந்தை மூகூர் சுந்தர் திரைப்பட நடன ஆசிரியர். மகன் முறையாகப் பரதநாட்டியம் பயின்றவர். பின்னணி ஆட்டக்காரர்களின் வரிசையில் நின்று பழகியவர். வெட்டசைவுக்கு வேண்டிய உறுப்புக் கட்டுப்பாடு அவரிடம் முன்பே இருந்தது.

இதைவிட வியப்பு செவியின் நிலை. தமிழகத்துக்கு ஜாக்சன் பெரிதும் கண்வழியாகவே வந்தார். அவருடைய இசைத்தொகுப்பு ஒன்றையும் முழுமையாகக் கேட்டிராதவர்களும் அவருடைய அசைவுகளை ஆடினார்கள். ஆடியது இளையராஜாவுக்கும் ரகுமானுக்கும். 1994இல் வெளிவந்த 'காதலன்' ஒலிநாடாவை எண்ணிப் பாருங்கள். மனோவும் சுவர்ணலதாவும் பாடிய 'முக்காலா முக்காபுலா' அதில் உண்டு. திரையில் அதன் இறுதியில் தலையும் கையும் காலும் மறைந்து உடைகள் மட்டும் ஆடும். 'பேட்டை ராப்' பாடலில் சென்னைப் பேச்சுத்தமிழோடு தேனி குஞ்சரம்மாளின் குரல் மோதும். குற்றாலக் குறவஞ்சியிலிருந்து எடுத்தாண்ட பாடலும் உண்டு. பாலக்காட்டில் பிறந்த கர்நாடக இசைக் கலைஞர் உன்னிகிருஷ்ணன் திரையில் முதன்முதலாகப் பாடித் தேசிய விருது பெற்ற 'என்னவளே' பாடலும் இதே நாடாவில்தான். (செம்பை வைத்தியநாத பாகவதரின் மாவட்டம் 'முக்காலா' நாடாவுக்கு அளித்த கொடை என்று இதைச் சொல்லலாம்.) இசைச்சுவை வேறுபட்டவர்கள் வெவ்வேறு நாடாக்களை வாங்கவில்லை. ஒரே நாடாவில் தத்தமக்குரிய பாடலுக்கு ஓட்டிக் கொண்டார்கள்.

இக்கலப்பைத் தரக்குறைவென்று ஒதுக்கும் போக்குக்கும் தனிச் சொற்கள் உண்டு. தமிழில் 'ரெக்கார்டு டான்ஸ்' என்பதில் இழிவுக்குறிப்பு வெளிப்படை. மலையாளத்தில் 'சினிமாட்டிக் டான்ஸ்' என்பர். ஒலி நாகரிகமானது, ஏளனம் அதேதான். எருத்தேன்பதி போன்ற பாலக்காட்டு எல்லையூர்களில் திருவிழா மேடை ஒன்றுக்கே இவ்விரு சொற்களும் வந்து சேர முடியும். ஆனால் அவ்வூர் அடங்கிய சித்தூர் வட்டத்தின் கண்யார்களியில், புறாட்டுப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் கலந்த பாடல்கள் ஒலிக்கின்றன. பல சமூகத்தாரின் நடை உடை பாவனைகளும் ஆடிக்காட்டப்படுகின்றன. அதை எவரும் நகல் என்பதில்லை, 'நாட்டார் மரபு' என்று ஆய்வேடு எழுதுகிறோம். பகவதி கோயில் முற்றத்தில் நிகழும் போலச்செய்தலுக்குக் கிடைக்கும் மதிப்பு, ஒலிபெருக்கி கட்டிய மேடையில் ஆடும் இளைஞனுக்கு ஏன் மறுக்கப்படுகிறது? காலப்பழமை ஒன்றே காரணமென்றால், அது அழகியல் அளவுகோல் ஆகாது.

1999 ஜூன் 27 அன்று மியூனிக் நகரில் ஜாக்சன் நடத்திய நிகழ்ச்சியில் பிரபுதேவாவும், பரதநாட்டியக் கலைஞர் ஷோபனாவும் ஒரே மேடையில் ஆடினார்கள். ஒலித்தது ஜாக்சனின் பாடலன்று. சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கலந்த ரகுமானின் பாடல்.