மறதிக்கு எதிராக நிற்கும் தேவதை

உண்மைக்கு எதிர்ச்சொல் எது என்று கேட்டால், 'பொய்' என்று எல்லாரும் சட்டெனப் பதில் சொல்வோம். பண்டைய கிரேக்கர்களின் மொழி காட்டும் எதிரி வேறு. அதன் பெயர் மறதி.

கிரேக்க மொழியில் உண்மைக்கு 'அலேத்தியா' என்று பெயர். அதே பெயரில் உண்மையைப் பெண் தெய்வமாகவும் உருவகப்படுத்தினார்கள். 'லேத்தே' என்றால் மறதி. முன்னால் நிற்கும் 'அ', நாம் சொல்லும் 'அநீதி'யில் வருவது போல, 'இல்லை' என்ற பொருளைத் தரும். ஆக, மறக்கப்படாததும் மறைக்கப்படாததுமே உண்மை என்பது அறிஞர்கள் பரவலாகத் தரும் விளக்கம்.

கி.மு. 700 வாக்கில் தெய்வங்களின் பிறப்பைப் பாடிய ஹெசியோட், மறதியையும் பொய்களையும் ஒரே தாயின் பிள்ளைகளாக்கினார். அந்தத் தாய் யார் தெரியுமா? சச்சரவின் தேவதையான எரிஸ்!

கி.மு. 476இல் ஒலிம்பியாவில் ஒரு சிறுவன் குத்துச்சண்டையில் வென்றான். அவனுக்குப் பாட்டு எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்ட கவிஞர் பிண்டார், அதை மறந்துபோனார். தாமதமாக எழுதிய அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே தமது மறதியை ஒப்புக்கொண்டு, கடனை வட்டியோடு தீர்ப்பதாகச் சொல்கிறார். 'வாக்குத் தவறியவன்' என்ற பழியிலிருந்து காக்கும்படி அவர் அழைப்பது, ஸியூஸின் மகளான அலேத்தியாவைத்தான். மறந்துபோன வாக்கும் பொய்யாகிவிடும் என்று அவர் அஞ்சியிருக்கிறார்.

ஈசாப் மரபில் வந்த ஒரு கதையும் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டு லத்தீன் கவிஞர் ஃபேட்ரஸ் சொன்னது. புரோமிதியஸ் களிமண்ணில் உண்மையை வடிக்கிறார். அவர் வெளியே சென்ற நேரத்தில், சீடனான வஞ்சகன் அதேபோல் இன்னோர் உருவம் செய்கிறான். பாதம் செய்வதற்குள் மண் தீர்ந்துவிடுகிறது. திரும்பி வந்த குரு, இரண்டும் அச்சு அசலாக இருப்பதைக் கண்டு வியக்கிறார். இரண்டும் தம் கைவேலையாகவே தெரியட்டும் என்று நினைத்து, இரண்டையும் சூளையில் இட்டு உயிர் கொடுக்கிறார். உண்மை அடக்கமாக நடந்து போகிறது. பாதமில்லாத போலியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதுதான் பொய்!

அப்படியானால் இன்று பொய் ஊரெல்லாம் சுற்றுவது எப்படி? நாம் மறந்துவிடுகிறோம், அதனால்தான். கொடுத்த வாக்கு, வாங்கிய கடன், முன்னோர் பட்ட பாடு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். நாம் நினைவில் வைத்திருக்கும்வரை, இல்லாததை இருந்ததாகச் சொல்லி யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.